முதல் மருந்து ஏறமுன் எடுத்த இரத்தம்: லிம்போமா ரிப்போட்டை வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பின்னேரம் அக்கா போன் எடுத்தா. "தம்பி, அத்தானுக்கு எல்.டி.எச் 940 எண்டு வந்திருக்கு. 250க்குக் கீழை இருக்கவேணுமாம். கனடாவிலை இருந்து மூத்தவன் நெற்றிலை பாத்திட்டு ஒண்டும் பேசுறானில்லை. நீ ஒருக்கா வந்து பாரன்."

எல்.டி.எச் என்பது கலங்கள் உடைந்தால் இரத்தத்தில் ஏறும் ஒரு பொருள், விவரம் பின்னால் வரும். அத்தானுக்கு அப்போது வயது 58. கழுத்திலும் கமக்கட்டிலும் கட்டிகள். பயொப்சி முடிவு வந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. நான் முப்பது வருடம் ஆய்வுகூடத்தில் இரத்தத்தோடு வேலை செய்து ஓய்வுபெற்றவன், டொக்டர் இல்லை. ஆனாலும் அந்தக் கடதாசியைக் கையில் வாங்கியதும் என் கண் 940 இல் நிற்கவில்லை, அடிப்பக்கம் போனது. சின்ன எழுத்தில் ஒரு வரி கிடந்தது: மாதிரியில் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன. வீட்டில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த நாள் காலை அதே ஆய்வுகூடத்தில் திரும்ப இரத்தம் கொடுத்தோம். 318 வந்தது.

318 உம் கூடுதல்தான். ஆனால் 940க்கும் 318க்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை மூன்றாம் படியில் கணக்குப் போட்டே காட்டுகிறேன். அன்றிலிருந்து எங்கள் ஊரிலும் அயலூர்களிலும் லிம்போமா வந்த வீடுகளுக்குப் போய் ரிப்போட்டுகளை எடுத்துவைத்துப் பார்ப்பது எனக்கு ஒரு வேலையாகிவிட்டது. பெரும்பாலான வீடுகளில் ஒரே விசயத்தைத்தான் காண்கிறேன். சிகிச்சை நடக்கும்போது எடுத்த இருபது ரிப்போட்டுகள் பத்திரமாக இருக்கும். முதல் மருந்து ஏறமுன் எடுத்த அந்த ஒரு ரிப்போட் இருக்காது. நோயின் போக்கைக் கணிக்க உலகம் முழுவதும் வைத்தியர்கள் பாவிக்கும் புள்ளிக் கணக்குகளில் வரும் இரத்த எண்கள் எல்லாம் அந்த முதல் ரிப்போட்டிலிருந்துதான் எடுக்கப்படுபவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்கமுன்: பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

லிம்போமா என்பது ஒரு நோயின் பெயர் இல்லை, ஒரு குடும்பத்தின் பெயர். நிணநீர்க் கணுக்களில் இருக்கும் வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகும் பல பத்து வகைகள் அதற்குள் இருக்கின்றன. 1832 இல் தோமஸ் ஹொட்ஜ்கின் விவரித்த வகை அவருடைய பெயரிலேயே ஹொட்ஜ்கின் லிம்போமா ஆனது. மற்றவை எல்லாம் ஹொட்ஜ்கின் அல்லாதவை. அவற்றில் அதிகம் காணப்படுவது பெரிய பி கலங்கள் பரந்து பெருகும் வகை, சுருக்கமாக டி.எல்.பி.சி.எல். அடுத்தது மெதுவாக வளரும் பொலிக்குலர். மான்ரில் செல், பேர்கிற், ரி செல் என்று இன்னும் பல உண்டு.

ஒவ்வொரு வகைக்கும் புள்ளிக் கணக்கு வேறு. இங்கே புள்ளி கூடுவது நல்லதில்லை, கூடக்கூட நோயின் போக்கு மோசம் என்று அர்த்தம். ஹொட்ஜ்கினில் அல்புமினைப் பார்ப்பார்கள், பொலிக்குலரில் ஹீமோகுளோபினைப் பார்ப்பார்கள். வகை தெரியாமல் எண்ணைப் பார்ப்பது, எந்தப் பாடம் என்று தெரியாமல் சோதனைப் புள்ளியைப் பார்ப்பதுபோல. ஆகவே முதலில் பயொப்சி ரிப்போட்டின் கடைசிப் பந்தியில் இருக்கும் முழுப் பெயரை அப்படியே பார்த்து எழுதுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இரத்தப் பரிசோதனையால் லிம்போமா இருக்கிறதா இல்லையா என்று முடிவெடுக்க முடியாது. எஃப்.பி.சி என்ற இரத்தக் கலங்களின் எண்ணிக்கை முழுக்கச் சரியாக இருக்கிற லிம்போமா நோயாளிகள் ஏராளம். எங்கள் பக்கத்தில் கழுத்துக் கணு வீங்கினால் காசநோயும் காரணமாக இருக்கலாம். அதிலும் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர் ஏறும், காய்ச்சல் வரும், மெலிவு வரும். இரண்டையும் பிரித்துச் சொல்வது கணுவிலிருந்து சதைத்துண்டு எடுத்துப் பார்க்கும் பயொப்சிதான். "இரத்தம் நல்லாத்தானே இருக்கு, ஏன் வெட்டவேணும்" என்று பயொப்சியைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதற்படி: அந்த ஒரு கடதாசியைப் பிடியுங்கள்

கீமோவின் முதல் மருந்து ஏறமுன், முடிந்தால் ஸ்ரெரோயிட் குளிசை தொடங்கமுன்னும், எடுத்த இரத்த ரிப்போட்டுத்தான் உங்கள் அடிக்கல். ஸ்ரெரோயிட்டைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிரெட்னிசொலோன் லிம்போமாக் கட்டியைச் சுருக்கிவிடும், வெள்ளணு வகைகளில் நியூற்றோபில்களைக் கூட்டிக்காட்டும், லிம்போசைற்றுகளைக் குறைத்துக்காட்டும். வீக்கத்துக்கோ இழுப்புக்கோ என்று எங்காவது அந்தக் குளிசையை ஏற்கெனவே எடுத்திருந்தால், எத்தனை நாள், எத்தனை மில்லிகிராம் என்று வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். முதற்பக்கத்தில் வகையின் முழுப்பெயர், பயொப்சித் திகதி, நோயின் கட்டம் (எவ்வளவு பரவியிருக்கிறது என்று ஒன்றிலிருந்து நான்குவரை சொல்வது). இரண்டாம் பக்கத்தில் முதல் மருந்துக்கு முந்திய எண்கள். மூன்றாம் பக்கத்திலிருந்து கோடு கீறி, திகதி, எந்த ஆய்வுகூடம், எத்தனையாவது மருந்துக்கு எத்தனையாம் நாள், எண், பக்கத்தில் அந்த ஆய்வுகூடத்தின் மேல் எல்லை, அன்றைக்குக் காய்ச்சல் இருந்ததா. ரிப்போட்டுகளைப் போனில் படமெடுத்தும் வையுங்கள். வெப்பத்தாளில் அடித்த ரிப்போட் எங்கள் வெக்கையில் ஒரு வருடத்துக்குள் வெள்ளைக் கடதாசியாகிவிடும்.

தெல்லிப்பழைக்குப் போகிறவர்களும் யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போகிறவர்களும் கொழும்புக்குப் பக்கத்தில் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பப்படுகிறவர்களும் எல்லாரும் இந்தக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கோ. 2011 இல் தெற்கு முனையிலிருந்து பருத்தித்துறைவரை ஆயிரக்கணக்கான சனம் நடந்து சேர்த்த காசில்தான் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. அதற்கு முந்தி கட்டிக்கு மருந்தேற்ற ஏ9 வீதியில் இரவு பஸ் ஏறிப்போன குடும்பங்களை எனக்குத் தெரியும். இப்போதும் சில பரிசோதனைகளுக்கும், கட்டி உடம்பில் எங்கே உயிர்ப்போடு இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கானுக்கும் எங்களில் பலர் கொழும்புப் பக்கம் போகத்தான் செய்கிறார்கள். இடம் மாறும்போது ரிப்போட் தொலைகிறது. கொப்பி தொலையாது.

இரண்டாம் படி: ஒவ்வொரு எண்ணும் என்ன சொல்கிறது

எல்.டி.எச். இதில்தான் நான் கூட நேரம் நிற்கப்போகிறேன், ஏனென்றால் கூடுதலாகப் பயமுறுத்துவதும் கூடுதலாகப் பிழைப்பதும் இதுதான். லக்ரேற் டிஹைட்ரோஜினேஸ் உடம்பின் எல்லாக் கலங்களுக்குள்ளும் இருக்கும் ஒரு நொதியம். கலம் உடைந்தால் இரத்தத்துக்குள் வரும். வேகமாகப் பெருகி வேகமாகச் சாகும் லிம்போமாக் கலங்கள் நிறைய இருந்தால் எல்.டி.எச் ஏறும். கட்டியின் அளவையும் அதன் வேகத்தையும் சேர்த்து ஒரே எண்ணில் காட்டுவதால் வைத்தியர்கள் இதை விடுவதில்லை.

ஆனால் "எல்லாக் கலங்களிலும்" என்பதைக் கவனியுங்கள். சிவப்பணுவுக்குள் எல்.டி.எச் நிறைய இருக்கிறது. ஊசி சரியாக ஏறாமல் இழுத்து இழுத்து எடுத்தாலோ, கைப்பட்டியை நீண்டநேரம் இறுக்கி வைத்தாலோ, சிரிஞ்சிலிருந்து குழாய்க்குள் வேகமாக அழுத்தினாலோ, குழாயைப் போட்டுக் குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடையும். ஆய்வுகூடத்தில் குழாயை இயந்திரத்தில் சுழற்றி எடுத்துப் பார்த்தால், மேலே நிற்கும் நீர் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்கவேண்டும். உடைந்த மாதிரியில் அது யம்பு ஜூஸ்போல இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறத்தைக் கண்டால் நான் எல்.டி.எச்சும் பொற்றாசியமும் செய்யமாட்டேன், திரும்ப எடுக்கச் சொல்லுவேன். அத்தானின் மாதிரிக்கு யாரோ அப்படிச் சொல்லாமல் எண்ணைப் போட்டுக் கீழே ஒரு குறிப்பை மட்டும் எழுதிவிட்டார்கள்.

லிம்போமா இல்லாத வேறு காரணங்களும் எல்.டி.எச்சை ஏற்றும். ஈரல் நோய், மாரடைப்பு, தசை அடிபடுதல், கடும் உடல்வேலை. மார்கழி, தை மாதங்களில் எங்களுக்கு வரும் டெங்குக் காய்ச்சல். உண்ணி கடித்து வரும் ரைபஸ் காய்ச்சல். பலருக்குத் தெரியாத ஒன்று, பி12 குறைபாடு. வருடக்கணக்காகப் பாலும் முட்டையும்கூடத் தொடாத சைவ உணவுக்காரரில் பி12 குறைந்து இரத்தச்சோகை வந்தால் எல்.டி.எச் மிக உயரத்துக்குப் போகும். எண் வெறும் எண்ணாக வரும், காரணத்தை ஆள்தான் தேடவேண்டும்.

எல்.டி.எச்சுக்கு ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் எல்லை வேறு. பரிசோதனை முறை மாறினால் மேல் எல்லை ஏறக்குறைய இரட்டிப்பாகவும் இருக்கலாம். ஒரு இடத்தில் 400 சாதாரணம், இன்னொரு இடத்தில் 400 கூடுதல். ஆகவே எண்ணை எல்லையால் வகுத்து எழுதுங்கள். அத்தானுக்கு 318 ஐ 250 ஆல் வகுத்தால் 1.27 மடங்கு. இதை எந்த ஊர் வைத்தியரிடம் காட்டினாலும் விளங்கும்.

எஃப்.பி.சி. இதில் நான்கு எண்களைப் பாருங்கள். ஹீமோகுளோபின் பொலிக்குலரில் 12க்குக் கீழும், முற்றிய ஹொட்ஜ்கினில் 10.5க்குக் கீழும் இருந்தால் ஒரு புள்ளி. இரும்புச்சத்துக் குறைவு, பெண்களில் மாதவிடாய், சிறுநீரக நோய் என்று ஏற்கெனவே இரத்தம் குறைந்தவர்கள் எங்களிடம் நிறைய. நோய்க்கு முந்திய பழைய ரிப்போட் இருந்தால் அதையும் காட்டுங்கள். வெள்ளணு மொத்தம் ஹொட்ஜ்கினில் 15,000 அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு புள்ளி.

மூன்றாவது லிம்போசைற். இங்கே சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மொத்த வெள்ளணு 9,200, லிம்போசைற் 6 சதவீதம் என்றால், 9,200 ஐ 6 ஆல் பெருக்கி 100 ஆல் வகுக்க 552 வரும். ஹொட்ஜ்கினில் 600க்குக் கீழ், அல்லது 8 சதவீதத்துக்குக் கீழ் என்றால் ஒரு புள்ளி. லிம்போசைற் குறைவு, உடம்பின் சொந்த எதிர்ப்புப்படை இளைத்துப்போயிருப்பதன் அடையாளம். நான்காவது மொனோசைற். லிம்போசைற்றை மொனோசைற்றால் வகுத்து வரும் விகிதம் குறைந்தவர்களுக்குப் போக்கு சற்று மோசமாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டின. ஆனால் எந்த எண்ணில் கோடு கீறுவது என்பதில் ஆய்வுக்கு ஆய்வு ஒத்துவரவில்லை. அந்த விகிதத்தைக் கணக்குப் போட்டு நித்திரையைக் கெடுக்கவேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

அல்புமின். இது குறைந்தால் எங்கள் வீடுகளில் உடனே முட்டைவெள்ளையும் ஆட்டெலும்புச் சூப்பும்தான். சாப்பாடு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் லிம்போமாவில் அல்புமின் குறைவது பெரும்பாலும் சாப்பாட்டால் இல்லை. கட்டியும் அதைச் சுற்றியுள்ள கலங்களும் இன்ரர்லூக்கின் 6 போன்ற அழற்சிப் பொருட்களை வெளிவிட, ஈரல் அல்புமின் செய்வதைக் குறைத்து வேறு புரதங்களைச் செய்யத் தொடங்கிவிடும். "நான் சரியாச் சமைச்சுக் குடுக்கேல்லையோ" என்று என்னிடம் அழுத ஒரு மனைவியை நான் மறக்கமாட்டேன். அம்மா, அது உங்கள் கையால் வந்த குறை இல்லை. ஹொட்ஜ்கினில் டெசிலீற்றருக்கு 4 கிராமுக்குக் கீழ் இருந்தால் ஒரு புள்ளி.

இங்கேதான் அலகுச் சிக்கல் வரும். எங்கள் ரிப்போட்டில் அல்புமின் 3.4 என்றும் கனடாவில் 34 என்றும் அடிப்பார்கள். இரண்டும் ஒன்றே, ஒன்று டெசிலீற்றருக்கு, மற்றது லீற்றருக்கு. ஹீமோகுளோபினும் இங்கே 10.8, அங்கே 108. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் படம் அனுப்பும்போது அலகையும் சேர்த்து அனுப்புங்கள்.

ஈ.எஸ்.ஆர். இரத்தத்தை ஒரு நீண்ட குழாயில் நிமிர்த்தி வைத்து, ஒரு மணித்தியாலத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீற்றர் இறங்கின என்று பார்ப்பது. மலிவான, பழைய பரிசோதனை. ஆனால் தொடக்கக் கட்ட ஹொட்ஜ்கினில் இன்றும் மதிப்பு இருக்கிறது. காய்ச்சல், இரவில் உடுப்பு நனைய வியர்த்தல், ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைதல் ஆகியவற்றை பி அறிகுறிகள் என்பார்கள். அவை இல்லாதவரில் 50, இருப்பவரில் 30 என்ற அளவில் கோடு கீறியிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் சிகிச்சையைச் சற்றுக் கூட்டிக்கொடுப்பார்கள். வயதும் இரத்தச்சோகையும் ஈ.எஸ்.ஆரைத் தாமாகவே ஏற்றும்.

பீற்றா 2 மைக்ரோகுளோபுலின். கலங்களின் மேற்பரப்பிலிருந்து உதிரும் ஒரு சின்னப் புரதம். கட்டி கூடினால் இதுவும் கூடும். பொலிக்குலரின் புதிய கணக்கில் இதற்கு இடமுண்டு. எல்லா ஆய்வுகூடத்திலும் செய்வதில்லை, விலையும் கூட. இதைச் சிறுநீரகம் வெளியேற்றுவதால், சிறுநீரகம் பழுதானவரில் கட்டி இல்லாமலே ஏறும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினினைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இதை வாசிக்கக்கூடாது.

சி.ஆர்.பி, பெரிற்றின் இரண்டும் அழற்சியைத்தான் காட்டும், ஒரு சாதாரணக் கிருமித்தொற்றும் இவற்றை ஏற்றிவிடும். மூக்குப் பகுதியில் வரும் ஒருவகை ரி செல் லிம்போமாவில் எப்ஸ்ரைன் பார் வைரசின் டி.என்.ஏ இரத்தத்தில் எவ்வளவு என்று பார்ப்பது நல்ல குறிகாட்டி, ஆனால் அந்த வகை எங்களுக்கு அபூர்வம்.

போக்கைக் காட்டாவிட்டாலும் விடக்கூடாதது ஹெப்பரைற்றிஸ் பி. பி கல லிம்போமாக்களுக்குக் கொடுக்கும் ரிற்றுக்சிமாப் மருந்து ஏற்றினால், உடம்பில் அடங்கிக் கிடக்கும் அந்த வைரஸ் எழுந்து ஈரலைத் தாக்கலாம். மேற்பரப்பு அன்ரிஜன், கோர் அன்ரிபொடி என்று இரண்டு பரிசோதனைகள். இரண்டும் செய்தாயிற்றா என்று கேளுங்கள்.

மூன்றாம் படி: எண்களைக் கணக்கில் போடுவது

டி.எல்.பி.சி.எல் வகைக்கு 1993 இல் வந்த கணக்கு ஐ.பி.ஐ. ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. வயது 60க்கு மேலா? எல்.டி.எச் எல்லையைத் தாண்டியதா? நோய் மூன்றாம் அல்லது நான்காம் கட்டமா? கணுவுக்கு வெளியே ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருக்கிறதா? ஆள் வேலைவெட்டி செய்யமுடியாத நிலையா? ஐந்தில் ஒன்றுதான் இரத்தப் பரிசோதனை என்பதைப் பாருங்கள். எல்.டி.எச் தனியே எதையும் தீர்மானிப்பதில்லை.

அந்த 1993 ஆய்வில் ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள், புள்ளி குறைந்தவர்களில் 73 சதவீதம், கூடியவர்களில் 26 சதவீதம். நெற்றில் தேடினால் முதலில் கண்ணில் படுவது இந்த 26 தான். ரிற்றுக்சிமாப் அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 1997 இல். அதற்கு முந்திய சிகிச்சையின் கணக்கை வைத்து இன்றைய ஆளை எடைபோடுவது அநியாயம். 2007 இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், ரிற்றுக்சிமாப் சேர்த்து மருந்து எடுத்த 365 பேரை வைத்து அதே ஐந்து கேள்வியைத் திருத்தினார்கள். புள்ளி இல்லாதவர்களில் நான்கு வருடம் கடந்தவர்கள் 94 சதவீதம். ஒன்று, இரண்டு புள்ளியில் 79. மூன்று முதல் ஐந்து வரை 55. மோசமான பிரிவு என்று பெயர்வைத்த குழுவிலேயே பாதிக்கு மேல் நான்கு வருடம் கடந்திருக்கிறார்கள்.

2014 இல், அமெரிக்கப் புற்றுநோய் நிலையங்களின் கூட்டமைப்பான என்.சி.சி.என் பெயரில் வந்த என்.சி.சி.என் ஐ.பி.ஐ வயதையும் எல்.டி.எச்சையும் இன்னும் நுணுக்கமாகப் பிரித்தது. எல்.டி.எச் எல்லைக்கு மேல் மூன்று மடங்குவரை ஒரு புள்ளி, மூன்று மடங்குக்கு மேல் இரண்டு புள்ளி. இப்போது அத்தானுக்கு வருவோம், அவருக்கு வந்ததும் டி.எல்.பி.சி.எல் தான். வயது 58, இந்தக் கணக்கில் 40 ஐத் தாண்டினாலே ஒரு புள்ளி. மூன்றாம் கட்டம், ஒரு புள்ளி. உறுப்புகளில் நோய் இல்லை, எழும்பி நடமாடித் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்த ஆள், புள்ளி இல்லை. எல்.டி.எச் 1.27 மடங்கு, ஒரு புள்ளி. மொத்தம் மூன்று. இரண்டும் மூன்றும் ஒரு குழு, அந்த ஆய்வில் ஐந்து வருடம் கடந்தவர்கள் 82 சதவீதம். உடைந்த மாதிரியின் 940 ஐப் போட்டிருந்தால் 3.76 மடங்கு, இரண்டு புள்ளி, மொத்தம் நான்கு, அடுத்த குழு, 64 சதவீதம். ஒரு ஊசி சரியாக ஏறாததால் ஒரு மனிதனின் கணக்கு 82 இலிருந்து 64க்கு இறங்கியிருக்கும்.

முற்றிய ஹொட்ஜ்கினுக்கு 1998 இல் வந்த கணக்கில் ஏழு கேள்விகள்: அல்புமின், ஹீமோகுளோபின், வெள்ளணு, லிம்போசைற், ஆணா, வயது 45 அல்லது கூடவா, நான்காம் கட்டமா. ஏழில் நான்கு இரத்தத்திலிருந்து வருவது. ஒவ்வொரு புள்ளிக்கும், ஐந்து வருடம் நோய் முன்னேறாமல் இருப்பவர்களின் பங்கு ஏறக்குறைய 8 சதவீதப் புள்ளியால் குறைந்தது, 84 இல் தொடங்கி 42 வரை. சிகிச்சை மேம்பட்ட பிறகு இந்த இடைவெளி ஒடுங்கிவிட்டது.

பொலிக்குலருக்கு 2004 இன் கணக்கு: வயது 60க்கு மேல், கட்டம், ஹீமோகுளோபின் 12க்குக் கீழ், நான்குக்கு மேற்பட்ட கணுப் பகுதிகள், எல்.டி.எச். மான்ரில் செல்லுக்கு 2008 இல் வந்தது வயது, நடமாட்ட நிலை, எல்.டி.எச், வெள்ளணு நான்கையும் சூத்திரத்தில் போடும். அதை வைத்தியரிடம் விடுங்கள்.

இந்தச் சதவீதங்கள் எல்லாம் ஒரு கூட்டத்தைப் பற்றியவை. 82 என்பது நூறு பேரில் எத்தனை பேர் என்று சொல்லும், உங்கள் வீட்டு ஆள் அந்த நூறில் யார் என்று சொல்லாது. கணக்கின் உண்மையான பயன் வைத்தியருக்கு: எவ்வளவு கடுமையான சிகிச்சை தொடங்குவது, யாரைக் கிட்ட வைத்துப் பார்ப்பது.

கணக்குப் போடமுன் நோயாளியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்களுக்கு இந்த எண்கள் தெரியவேணுமோ?" எங்கள் வீடுகளில் ஆளுக்குத் தெரியாமல் ரிப்போட்டை ஒளிக்கும் பழக்கம் இருக்கிறது. அத்தான் "எனக்குச் சொல்லுங்கோ, என்ரை உடம்புதானே" என்றார். இன்னொருவர் வேண்டாம் என்றார். இரண்டுக்கும் மதிப்புக் கொடுங்கள்.

நான்காம் படி: மருந்து ஏறத்தொடங்கிய பிறகு

இங்கிருந்து வரும் எண்களை மேலே சொன்ன கணக்குகளில் போடவே கூடாது. ஆர்-சொப் என்ற வழமையான சிகிச்சையில் 21 நாளுக்கு ஒருமுறை மருந்து, முதல் ஐந்து நாள் பிரெட்னிசொலோன். அந்த நாட்களில் வெள்ளணு ஏறும், பிறகு இறங்கும். ஹீமோகுளோபின் மருந்தாலேயே குறையும். வெள்ளணுவைக் கூட்ட பில்கிராஸ்ரிம் ஊசி போட்டால், வெள்ளணு 30,000 ஐத் தாண்டலாம், எல்.டி.எச்சும் கூடவே ஏறும். அதைக் கண்டு "கட்டி திரும்ப வந்திட்டுது" என்று ஒரு வீட்டில் இரவு முழுக்க அழுதிருக்கிறார்கள். கொப்பியில் எத்தனையாம் நாள் என்று எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

முதல் மருந்துக்குப் பிந்திய சில நாட்களில் வேறு எண்களை வைத்தியர்கள் கண்கொட்டாமல் பார்ப்பார்கள்: பொற்றாசியம், யூரிக் அமிலம், பொஸ்பேற், கல்சியம், கிரியற்றினின். கட்டி மளமளவென்று கரைந்தால் அதன் உள்ளிருப்பு எல்லாம் இரத்தத்தில் கொட்டி, சிறுநீரகத்தையும் இருதயத்தையும் தாக்கலாம். அலோபியூரினோல் குளிசையும் நிறையத் தண்ணீரும் தருவது அதைத் தடுக்கத்தான், குளிசையைத் தவறவிடாதீர்கள்.

காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டால் ரிப்போட்டுக்குக் காத்திருக்கவேண்டாம். பனடோலைக் கொடுத்து விடியும்வரை பார்க்கவேண்டாம். இரவானாலும் வைத்தியசாலைக்குப் போங்கள். நியூற்றோபில் 500க்குக் கீழே போன ஒருவருக்குக் கிருமித்தொற்று சில மணித்தியாலங்களிலேயே ஆளைச் சாய்த்துவிடும்.

சிகிச்சை வேலை செய்கிறதா என்பதற்குப் பதில் இரத்தத்தில் இல்லை, ஸ்கானில். பெட் ஸ்கானில் ஒன்றிலிருந்து ஐந்துவரை டோவில் அளவு என்று போடுவார்கள். ஒன்று, இரண்டு நல்லது. மூன்றையும் பெரும்பாலும் நல்ல பதிலாகவே எடுப்பார்கள். நான்கும் ஐந்தும் மேலும் பார்க்கவேண்டியது.

ஐந்தாம் படி: கிளினிக்கில் கேட்கவேண்டியது

கிளினிக்கில் சனம் நெரியும், டொக்டருக்கு உங்களுக்கென்று கிடைப்பது சில நிமிடம். மூன்று கேள்வியைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். "டொக்டர், இவருக்கு எந்த வகை, எந்தக் கட்டம்? எந்தக் கணக்கில் எத்தனை புள்ளி? அந்தப் புள்ளியால் சிகிச்சையில் ஏதாவது மாறுமோ?" மூன்றாவது கேள்விதான் முக்கியம். மாறாது என்றால் அந்த எண்ணைப் பற்றி யோசிப்பதை அன்றோடு விடலாம். எண் கூடியிருந்தால் கேளுங்கள்: "இதுக்கு வேறை காரணம் இருக்குமோ? திரும்ப எடுத்துப் பாக்கலாமோ?" எந்த நல்ல வைத்தியரும் இதற்குக் கோபிக்கமாட்டார்.

இரத்தம் எடுக்கும் இடத்திலும் ஒரு வார்த்தை சொல்லலாம். நரம்பு கிடைக்கக் கஷ்டமான ஆள் என்றால் "தங்கச்சி, ஆறுதலா எடுங்கோ, எல்.டி.எச்சும் இருக்கு" என்று சொல்லுங்கள். முதல்நாள் தோட்டங்கொத்துவது, பாரம் தூக்குவது வேண்டாம். முடிந்தளவு ஒரே ஆய்வுகூடத்தில் எடுங்கள்.

ஆறாம் படி: மருந்து முடிந்த பிறகு

டி.எல்.பி.சி.எல் திரும்ப வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் வரும். நோய் கண்டு 24 மாதம் திரும்பாமல் கடந்தவர்களின் ஆயுள், அதே வயதுப் பொதுச்சனத்தின் ஆயுளுக்குக் கிட்ட வந்துவிடுகிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. அதனால் அந்த 24 மாதத்தை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். பொலிக்குலர் அப்படியில்லை, அது வருடங்கள் கழித்தும் திரும்பலாம்.

அந்த 24 மாதத்துக்குள் மாதாமாதம் தனியாரில் எல்.டி.எச் எடுத்துப் பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள். வேண்டாம். ஒரு தடவை சற்று ஏறினால் அதற்கு வேறு நூறு காரணம் இருக்கும், பயம்தான் மிச்சம். வைத்தியர் சொன்ன தவணைக்கு எடுங்கள். புதிதாகக் கட்டி தட்டுப்பட்டாலோ, இரவு வியர்வை திரும்பினாலோ, காரணமில்லாமல் மெலிந்தாலோ தவணைவரை காத்திருக்காமல் போங்கள்.

அத்தானின் கொப்பியில் இப்போது பதினாறாவது பக்கம் நடக்கிறது. 24 மாதம் கடந்த கிளினிக்குக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அந்த வரியை அக்கா தன் கையால் எழுதியிருக்கிறா: திகதி, அதே ஆய்வுகூடம், எல்.டி.எச் 204, எல்லை 250, காய்ச்சல் இல்லை.